தோமையார் மலைப் படிகளில்

மலையையும் கடலையும் ஒரே பார்வையில் காணும் பேறு நம் கரிசல் நாட்டு மக்களுக்கு வாய்ப்பதில்லை. சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்ற இருக்கன்குடியில் நின்று நாற்புறமும் நோக்குங்கள். கருவேலங்காடும், கம்பும் பருத்தியும் விளையும் கறுப்பு மண்ணும், இடையிடையே பட்டாசு ஆலைகளின் சுவர்களுமே கண்ணுக்குத் தெரியும். ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று மாரியம்மன் கோயிலுக்குப் பெருந்திரளான மக்கள் வந்து கூடுகின்ற அந்த ஆற்றுமணலில், ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் இராது. மலை காண வேண்டுமெனில் மேற்கே திருவில்லிபுத்தூர்ப் பக்கம் செல்ல வேண்டும். கடல் காண வேண்டுமெனில் வைப்பாற்றின் போக்கிலேயே சென்று மன்னார் வளைகுடாக் கரையை அடைய வேண்டும். ஆகவே, கடற்கரை நகரொன்றின்மேல் எழுந்து நிற்கும் ஒரு சிறு குன்றில் ஏறிய அனுபவத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். அக்குன்று சென்னையிலுள்ள பரங்கிமலை. கிறிஸ்தவ மக்கள் அதனைப் புனித தோமையார் மலை என்று போற்றுகின்றனர்.

மேலைநாட்டார் இலையுதிர் காலம் என்று ஒரு பருவத்தைச் சிறப்பித்துப் பேசுவர். நமக்கு அப்பருவம் ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். இலை உதிர்வதற்குப் பதிலாக இங்கே மழை பெய்கின்றது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்திலோ வேறொன்றும் நிகழ்கின்றது. ஆண்டு முழுவதும் ஆயிரமாயிரம் கைகள் உருட்டிச் சுருட்டித் திரி செருகிய பட்டாசெல்லாம் தீபாவளியன்று எரிந்து தீர்கின்றது. அதன்பின் ஆலைகள் சில வாரங்களுக்கு அடைக்கப்படுகின்றன. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள் தொட்டு, மழையை நம்ப முடியாத இந்த மண்ணுக்கு நெருப்பே வேளாண்மை ஆயிற்று. அந்த வேளாண்மையில் அறுவடை முடிந்து களம் ஓய்ந்திருக்கும் காலம் இதுவே. திருச்சபை இறந்தோரை நினைந்து செபிக்கும் நவம்பர் மாதமும் இக்காலத்திலேயே வருகின்றது. நம் பங்கில் இறந்தோர் பட்டியலை வாசிக்கும்போது, வயது முதிர்ந்து இறந்தவர்களின் பெயர்களோடு, இருபதிலும் முப்பதிலும் நெருப்பில் மாண்டவர்களின் பெயர்களும் வரும். அவ்வேளையில் கோயிலில் எழும் அமைதியை இவ்வட்டாரக் குடும்பங்கள் நன்கு அறியும்.

கடந்த நவம்பரில், ஆலைகள் அடைத்திருந்த நாட்களில், பங்கு மக்கள் நாற்பது பேருடன் இப்பயணத்தை மேற்கொண்டோம். சிவகாசியில் இரவு பொதிகை விரைவு வண்டியில் ஏறி, விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கினோம். அங்கிருந்து மின்சார இரயிலில் ஏழாவது நிலையம் பரங்கிமலை. நிலையத்தை விட்டு வெளியே வந்து, கடைகள் திறவாத தெருக்களின் வழியே மெல்ல நடந்தால் மலையடிவாரத்தை அடைந்துவிடலாம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. படிகள் நனைந்து கிடந்தன. மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மலை என்று சொன்னாலும் இதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து சற்றேறக்குறைய 300 அடிதான். கொடைக்கானலைக் கண்டவர்கள் இதனை மேடு என்றே சொல்லக்கூடும். ஆயினும் தட்டையான கடற்கரைச் சமவெளியில் தனித்து நிற்பதால், தூரத்திலிருந்தே இது கண்ணில் படும். அக்காலத்தில் மயிலாப்பூர்க் கரையை நாடி வந்த மரக்கலங்களுக்கு இக்குன்று அடையாளமாய் விளங்கியது என்பர். பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கி மலை என்ற பெயரே பரங்கிமலை ஆயிற்று என்பது ஒரு கூற்று. பரங்கியர் என்று அழைக்கப்பட்ட ஐரோப்பியரால் இப்பெயர் வந்தது என்பது மற்றொரு கூற்று. எது சரியாயினும், பல சமயத்தாரும் இம்மலையைத் தத்தம் நினைவில் வைத்திருந்தனர் என்பது புலனாகின்றது.

அடிவாரத்திலிருந்து உச்சிவரை நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட கற்படிகள் உள்ளன. வாகனங்கள் செல்லப் பின்புறமாக ஒரு சாலையும் உண்டு. முழங்கால் வலியுடைய முதியவர் இருவரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, ஏனையோர் படிவழியே புறப்பட்டோம். இப்படிகளை அமைத்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். அவர் பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்து, கடல் வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். 1726-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் அவரே. ஆற்றில் வெள்ளம் வந்தால் திருப்பயணிகள் இக்கரையிலேயே நின்றுவிட நேரும். மலையில் கற்கள் வழுக்கினால் முதியோர் ஏற இயலாது. அவர் இவ்விரண்டையும் கருதிப் பார்த்தார். தாம் ஒருநாளும் காணப்போகாத மனிதர்களின் பாதங்களை எண்ணிப் படி அமைத்த செல்வர் அவர். அன்று ஈரக்கல்லில் வழுக்காமல் ஏறிச் சென்ற நம் கரிசல் மக்கள், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த அந்நியருக்குக் கடன்பட்டவர்களாயினர். தம் செல்வத்தின் ஒரு பங்கை மற்றவர் இடறி விழாதிருப்பதற்கென்று ஒதுக்கிய அவரது எண்ணம், தொழில் நடத்தும் எல்லோரும் சிந்திக்கத்தக்கது.

படிகளின் ஓரமாகச் சிலுவைப்பாதைத் தலங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு தலத்திலும் சற்று நின்று செபித்து மேலே சென்றோம். ஏறும் உடல் களைத்துவிடாதபடி அது ஓய்வும் தந்தது. இளைஞர்கள் முதலில் இரண்டிரண்டு படியாகத் தாவினார்கள். ஆறாம் தலத்துக்குப் பின் அவர்களும் பெரியவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். வழியில் ஒரு சிறுவன் கீழே திரும்பிப் பார்த்து, வீடுகளெல்லாம் தீப்பெட்டி அடுக்கியதுபோல் தெரிவதாகச் சொன்னான். எங்கு சென்றாலும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டியே உவமையாகின்றது!

உச்சியில் நிற்பது, மீட்பரின் பிறப்பை எதிர்நோக்கிக் காத்திருக்கும் தேவ தாயின் ஆலயம். 1523-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கிய இச்சிற்றாலயம், பிற்காலத்தில் விரிவும் புதுப்பிப்பும் கண்டு இன்றுள்ள நிலையை அடைந்துள்ளது. டிசம்பர் 18-ஆம் நாள் இவ்வன்னையின் திருநாள். 2002-ஆம் ஆண்டு முதல் இத்திருத்தலம் செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சார்ந்துள்ளது. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து செபித்தார். பெரிய பேராலயங்களைக் காணும் எண்ணத்தோடு வருபவர்களுக்கு இதன் சிறுமை வியப்பளிக்கும். நாற்பது பேர் உள்ளே சென்றதும் கோயில் பாதி நிறைந்ததுபோல் தோன்றியது.

இவ்வாலயத்தின் தனிப்பெரும் செல்வம் பீடத்தின் பின்சுவரில் பதிக்கப்பட்டுள்ள கற்சிலுவை. 1547-ஆம் ஆண்டில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது இது கிடைத்தது. சிலுவையின் மேலே ஒரு புறா இறங்குவதுபோல் செதுக்கப்பட்டுள்ளது. அதனைச் சூழ்ந்த வளைவில் பாரசீக நாட்டின் பண்டைய பகலவி மொழியில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அறிஞர்கள் அவ்வெழுத்தைப் பலவாறாகப் படித்துள்ளனர். கோட்டயத்துப் பெரிய பள்ளி முதலிய சில கேரளத் தேவாலயங்களிலும் இவ்வகைச் சிலுவைகள் உள்ளன. போர்த்துக்கீசியர் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரையில் கிறிஸ்தவர் வாழ்ந்து வழிபட்டனர் என்பதற்கு இக்கல் சான்று. இச்சிலுவையில் 1558-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் குருதி வியர்வை அரும்பியதாகவும், அது பலமுறை நிகழ்ந்து 1704-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதாகவும் பழங்குறிப்புகள் கூறுகின்றன.

திருத்தூதர் தோமையார் கி.பி. 52-ஆம் ஆண்டில் மலையாளக் கரையில் வந்திறங்கினார் என்பதும், பின்னர் மயிலைப் பகுதியில் போதித்து, கி.பி. 72-ஆம் ஆண்டில் இம்மலையின்மீது ஈட்டியால் குத்தப்பட்டு உயிர் துறந்தார் என்பதும் நம் முன்னோர் வழிவழியாகக் காத்து வந்த பாரம்பரியம். அவரது கல்லறை சாந்தோம் பேராலயத்தில் போற்றப்படுகின்றது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடையே உழைத்த புனித சவேரியார், 1545-ஆம் ஆண்டில் சில மாதங்கள் மயிலையில் தங்கி அக்கல்லறையருகே செபித்தார். நம் வைப்பாறு கடலில் கலக்கும் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை ஒரே விசுவாசம் நெய்யப்பட்டிருப்பதை எண்ணி மகிழ்ந்தோம்.

திருப்பலி முடிந்து ஆலயத்தின் வெளியே வந்தபோது மேகம் விலகியிருந்தது. மேற்கிலும் தெற்கிலும் மீனம்பாக்கம் விமானத்தளத்தின் நீண்ட ஓடுபாதையும் பல்லாவரத்துக் குன்றுகளும் தெரிந்தன. வடக்கே கிண்டியும், அதற்கப்பால் எல்லையின்றி நகரமும் விரிந்திருந்தன. கிழக்கே, எட்டுக் கிலோமீட்டர் அளவில், கட்டடங்கள் முடியும் இடத்தில், ஈயத்தகடுபோல் ஒரு கோடு மின்னியது. அது வங்கக் கடல். நம்மவர்களில் பலர் கடலை அதற்குமுன் கண்டதில்லை. ஒரு பாட்டியம்மா வெகுநேரம் அதனைக் கைகூப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அங்கேயே, இம்மலையோடு தொடர்புடைய வேறொரு மனிதரையும் நினைவுகூர்ந்தோம். வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று இம்மலையடியிலிருந்து ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்திய நாட்டையே முக்கோணங்களாக அளந்து வரைந்த மாபெரும் நில அளவைக்கு அதுவே அடிக்கோடு. அவர் பயன்படுத்தியது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயில் ஏறினால் சங்கிலி நீளும், குளிர்ந்தால் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்து, அந்த வேறுபாட்டையும் கணக்கிற்கொண்டே அளந்தார். அன்று அப்பொறுமை இருந்ததால்தான், அரை நூற்றாண்டுக்குப் பின் அந்த முக்கோணங்கள் வடக்கே நீண்டு சென்று, 1856-இல் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை உலகுக்கு அறிவிக்க முடிந்தது. அடிக்கோட்டில் ஓரங்குலம் பிழைத்தாலும் அப்பிழை முக்கோணந்தோறும் தொடர்ந்து சென்றிருக்கும்.

இதனை இளைஞர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் அருகில் வந்து நின்றார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டாசு ஆலை விபத்தில் கணவரை இழந்தவர் அவர். கையில் கணவரின் சிறிய படம் ஒன்றை முந்தானையில் பொதிந்து வைத்திருந்தார்.

“சாமி, தோமையாரு சந்தேகப்பட்டாருன்னு எல்லாரும் குறையாச் சொல்லுறாகளே, காயத்தைத் தொட்டுப் பாக்கணும்னு கேட்டது அம்புட்டுப் பெரிய குத்தமா?” என்று கேட்டார்.

“குற்றமென்றால் ஆண்டவர் தம் கையை அவரிடம் நீட்டியிருப்பாரா, அம்மா?” என்றோம்.

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்க வீட்டுக்காரவுகளும் அன்னைக்குக் கேட்டாக சாமி. நேத்துக் கலந்த மருந்து மிச்சம் கெடக்கே, இதை என்ன செய்யன்னு கேட்டாக. கேள்வி கேக்காம வேலையைப் பாருன்னு சொன்னாகளாம். கூட இருந்து உசுரு தப்புன பிள்ளைதான் வந்து சொல்லுச்சு” என்றார்.

அருகில் நின்ற அவருடைய மகனுக்கு இருபது வயது. ஆலைகள் மீண்டும் திறந்ததும் அவனும் வேலைக்குச் செல்வதாக இருந்தது. தாய் அவன் பக்கம் திரும்பி, “தோமையாரு கேட்டாரு. நீயும் கேளுய்யா. பதில் சொல்லலேன்னா எந்திரிச்சு வீட்டுக்கு வந்துரு. கஞ்சியக் குடிச்சுக்கிருவோம்” என்றார். மகன் ஒன்றும் சொல்லாமல் தலையை அசைத்தான்.

அன்பர்களே, தோமையாரை நாம் சந்தேகத்தின் திருத்தூதர் என்றே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் நற்செய்தியில் அவர் கேட்டது என்ன? காயங்களைக் காட்டும்படி கேட்டார். பிறர் வாய்ச்சொல்லைக் கேட்டு ஓய்ந்துவிடாமல், ஆணி துளைத்த இடத்தில் கை வைக்க விரும்பினார். உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைத்துக்கொள்ளவில்லை. அக்காயங்களைக் கண்ட இடத்தில்தான் தோமையாரின் விசுவாச அறிக்கை பிறந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தோமையார் அவ்வாறு கேட்டதற்காக ஏனைய சீடர்கள் அவரைத் தள்ளிவைக்கவில்லை. எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தபோது, அவர் அவர்களுடனேயே இருந்தார். கேள்வி கேட்டவரைத் தங்கள் நடுவில் வைத்துக் காத்த சமூகம் அது.

நம் வட்டாரத்திலும் காயங்கள் உண்டு. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் சுமார் இருபது உயிர்கள் பலியாயின. இவையன்றி, ஒருவரும் இருவருமாக மாண்டு, செய்தித்தாளில் நான்கு வரியோடு மறக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு முறையும் விதி என்கிறோம். கடவுள் சித்தம் என்கிறோம். கடவுளின் சித்தத்தின்மேல் மனிதரின் கவனக்குறைவைச் சுமத்துவது பக்தியாகாது.

அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், அது தீப்பொறியின்றியே உள்ளுக்குள் சூடேறக்கூடும். ஆகவேதான் அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும், மிஞ்சியதைப் பாதுகாப்பாக அழிக்க வேண்டும் என்பர். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்குமேல் அமரலாகாது என்பதும், ஓடித் தப்பும் வாசலில் பெட்டிகளை அடுக்கலாகாது என்பதும், உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விடலாகாது என்பதும் இவ்வாறே பலருடைய இரத்தத்தைக் கண்டு கற்ற பாடங்கள். வெயிலுக்குச் சங்கிலி எவ்வளவு நீண்டது என்று ஒவ்வொரு முறையும் பார்த்த லாம்டனின் கவனம், மருந்தறையில் இருப்பவருக்கு இன்னும் எத்தனை மடங்கு வேண்டும்! அங்கே பிழைத்தால் பிழைப்பது வரைபடம் அன்று, ஒரு குடும்பம்.

தனியொருவன் கேட்டால் அவனுடைய வேலை போய்விடும் என்பதை அறிவோம். வட்டிக்கு வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கும் வீட்டில், கஞ்சி குடித்துக்கொள்வோம் என்று சொல்வது எளிதன்று. அதனால்தான் அக்கேள்வி ஒருவருடைய கேள்வியாக இருக்கலாகாது. ஓர் அறையில் இருக்கும் நால்வரும் சேர்ந்து கேட்கட்டும். ஒரு தெருவில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து கேட்கட்டும். கேட்டதால் வேலை இழந்தவன் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று பங்குச் சமூகம் பார்க்கட்டும். ஆலை நடத்துவோரில் அச்சமும் அறமும் உடையவர்கள் பலர் உண்டு. அவர்கள் இக்கேள்வியை வரவேற்பார்கள். பெத்ரூஸ் உஸ்கான் படி கட்டியதுபோல், தம்மிடம் உழைப்பவர் இடறி விழாதபடி காப்பதும் செல்வத்தின் கடமை என்பதை அவர்கள் அறிவார்கள்.

இம்மலைக்குச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசி, கார்த்திகையில் செல்வோர் குடையை மறக்க வேண்டாம். காலை வேளையே ஏறுவதற்கு உகந்தது. வெயில் ஏறினால் கல் சுடும். நின்று நின்று ஏறினாலும் அரைமணி நேரத்தில் உச்சியை அடையலாம். அங்கிருந்து இறங்கியபின் சின்னமலையையும் சாந்தோம் பேராலயத்தையும் அதே நாளில் தரிசிக்கலாம். சாந்தோமுக்குப் பின்னாலேயே கடல் இருக்கின்றது. மலையிலிருந்து கோடாகக் கண்ட கடலில் பிள்ளைகள் கால் நனைத்து மகிழ்வார்கள்.

உச்சியில் அந்தக் கற்சிலுவையின் முன் முழந்தாளிடும்போது, உங்கள் குடும்பத்தில் நெருப்பால் மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபியுங்கள். ஊர் திரும்பிய பின், அடுத்த நாள் காலையில் வேலைக்குப் புறப்படும் மகனிடமோ மகளிடமோ, “நேற்றைய மருந்து மிச்சம் இருக்கின்றதா என்று பார்த்துவிட்டு உள்ளே உட்கார்” என்று மறவாமல் சொல்லி அனுப்புங்கள்.